பொறாமையை ஒளிக்காத ஐயரம்மா

செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் மீன்காரம்மா என் சட்டியில் சாளையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தேன். பொன்மணி அம்மாவின் மகள் ஜெசியின் குரல்.

"சித்தி, அம்மா போயிட்டாங்க. காலம்பற ஆறரை மணிக்கு. தூக்கத்துலயே."

மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னம்மா?" என்றார். "எங்க ஐயரம்மா" என்றேன். அவருக்கு யாரென்று விளங்கவில்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்போம். எங்கள் ஊருக்கு எத்தனையோ ஐயரம்மாக்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் என் வாயில் வெறுமனே ஐயரம்மா என்று வந்தால் அது பொன்மணி அம்மா ஒருவரைத்தான் குறிக்கும்.

எலிசபெத் பொன்மணி அம்மையார் சாயர்புரம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகளாகப் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தும், ஆசீர்வாதம் ஐயருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு ஓர் இடத்தில் நிலையாக இருந்து வேலை பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு மாற்றல். மொத்தம் பதினொரு குருமனைகளில் குடியிருந்தார். குருமனை சபைக்குச் சொந்தமான வீடு. மாற்றல் வந்தால் சாவியை ஒப்படைத்துவிட்டு லாரியில் ஏற வேண்டியதுதான். "பதினோரு வீட்டுலயும் நான் ஒரு ஆணி அடிச்சதில்ல. ஆணி அடிக்கணும்னா கமிட்டில கேக்கணும். காலண்டரைக் கதவுக் கொண்டியிலதான் தொங்கவிடுவேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் ஊர் முறப்பநாட்டுக்கு அப்பால், ஆற்றங்கரையில் வாழையும் நெல்லுமாக இருக்கிற சிற்றூர். நான் அப்போது அங்கே கிராம நர்ஸ். என் கணவர் தங்கராஜ் சவுதியில், தம்மாமில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐயர் குடும்பம் லாரியில் வந்து இறங்கிய அன்று டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சுருட்டிக் கட்டிய மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்த ஐயரம்மா, முதல் பேச்சே இப்படித்தான் பேசினார்: "சாமான் எறக்குத அன்னைக்கு மட்டும் என் மூஞ்சியப் பாக்காதிய நர்சம்மா. இன்னைக்கு நான் ஐயரம்மா இல்ல. வெறும் பொன்மணி."

குருமனைக்கு எதிரே என் புது வீடு அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. சாயந்தரமானால் ஐயரம்மா கட்டட வேலையை மேற்பார்வையிட வந்துவிடுவார். "கொத்தனாரே, அடுப்பு மேடை இம்புட்டு ஒசரம் என்னத்துக்கு? நிக்கவ பொம்பளதான, ஒட்டகமா?" என்பார். "இங்கன ஒரு அலமாரி வைங்க. கை நீட்டுனா உப்பு எட்டணும்" என்பார். கொத்தனார் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். என் வீட்டு அடுக்களை அப்படித்தான் உருவானது. மேடை, அலமாரி, கிழக்குப் பார்த்த சன்னல் எல்லாமே அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கின்றன.

வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சபை முழுவதும் வந்தது. என் கணவர் லீவில் வந்திருந்தார். ஐயர் அறை அறையாகப் போய் ஜெபித்தார். ஐயரம்மா வரவில்லை. தலைவலி என்றார் ஐயர். பந்தியில் ஒருத்தி, "ஐயரம்மாவுக்குப் பொறுக்கல போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. "வாயக் கழுவு" என்று அவளை அதட்டினேன். ஆனாலும் எனக்கு மனதில் தைத்துவிட்டது. ஒவ்வொரு செங்கல்லையும் பார்த்துப் பார்த்து வைக்கச் சொன்னவர் அல்லவா?

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேரே அடுக்களைக்குப் போய் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ரோஸ்லின், எனக்குத் தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"இது நான் மனசுக்குள்ள கட்டி வச்சிருந்த அடுக்களை. அதை உனக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில நீ அதுல நிக்கப்போறன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அன்னைக்கு ஐயரு இங்கன ஜெபம் பண்ணுத சத்தம் எனக்கு அங்கன கேக்குது. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? இந்த வீடு ஒழுகட்டும்னு நெனைச்சேன். ஒரு நிமிஷந்தான். ஆனா நெனைச்சேன். அதைச் சொல்லாம உன் மூஞ்சியில முழிக்க முடியல."

ஒரு ஐயரம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் உள்ளதைச் சொன்னேன்.

"ஒழுகத்தான் செய்யுதும்மா. நேத்து மழைக்குப் பின்னறையில ஒழுகிட்டு. வாளி வச்சிருக்கேன்."

அவர் கண்கள் விரிந்தன. "ஐயோ கர்த்தரே!" என்று நெஞ்சில் கைவைத்தார். தன் நினைப்புத்தான் என் கூரையைத் துளைத்துவிட்டது என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பிவிட்டார் போல. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. மேடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்றிலிருந்து நான் அவருக்கு ரோஸ்லின் இல்லை. 'ஏட்டி ரோஸ்' ஆகிவிட்டேன்.

போகுமுன், ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். வழக்கமான ஜெபமாக அது இல்லை. "ரோஸுக்குக் கொடுத்த இந்தக் குழாய்க்காக ஸ்தோத்திரம். ரோஸுக்குக் கொடுத்த இந்தச் சன்னலுக்காக ஸ்தோத்திரம்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நன்றி சொன்னார். அலமாரியில் வைத்த கையை எடுத்து, மறுபடி வைத்து, அதையும் சொல்லி முடித்தார். பிற்பாடு இதுவே அவருடைய பழக்கமாயிற்று. யாரைப் பார்த்துப் பொறாமை பொங்கினாலும், அவர் பெயரையும் அந்தப் பொருளையும் சொல்லி, இவர்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி என்பார். "மொதல்ல வாய் மட்டுந்தான் சொல்லும். மனசு வர நாளாகும். அது பைய வரட்டும்" என்பார்.

அவர் அவ்வளவு சொல்லியும், என் பங்கை நான் அன்று சொல்லவில்லை. தினமும் ஐந்து மணிக்கு ஐயரின் மொபெட் சத்தம் கேட்கும். குருமனை வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு இருவரும் டீ குடிப்பார்கள். ஐயர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார், அம்மா குறுக்கே பேசுவார், ஐயர் கோபிப்பார், பிறகு இருவரும் சிரிப்பார்கள். என் கணவரோ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற விருந்தாளி. புது வீட்டு வராந்தாவில் நின்று அந்த இரண்டு நாற்காலிகளை நான் எத்தனை நாள் பார்த்துப் பார்த்து வெந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் லெந்து என்கிற தவக்காலத்தில் நடந்ததை எங்கள் சபையார் மறந்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில், பத்தாம் கட்டளையைக் குறித்து, அதாவது பிறருடையதை இச்சிக்காமல் இருப்பது குறித்து அவர் பேச வேண்டும். டைரியைத் திறந்தார். இரண்டு வரி வாசித்தார். மூடிவிட்டார்.

"நான் எழுதிக்கிட்டு வந்தது நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் அடுக்களைக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். பிறகு ஒருத்தி தன் அக்காவின் நீண்ட முடியைப் பற்றிச் சொன்னாள். சிரித்தோம். இன்னொருத்தி எழுந்தாள். வாழை விவசாயம் பார்க்கிற செல்லக்கனி.

"போன சித்திரைக் காத்துல எங்க மைனி வாழை பூராவும் சாஞ்சுட்டு. எங்களுது நின்னுச்சு. நான் அவ கையப் புடிச்சு அழுதேன். வீட்டுக்கு வந்து பாயாசம் வச்சேன்."

அந்த மைனி, அவள் கணவனுடைய அக்கா ஞானப்பழம், அதே கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் இரண்டுபட்டது. ஐயரம்மா குடும்பத்தைப் பிரித்துவிட்டார் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அவர் அதை மறுக்கவே இல்லை. "என் அழுக்கை நான் சொன்னது சரி. எல்லாரும் சொல்லுதாளுவன்னதும் உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பெருமை வந்துச்சு பாரு, அது சரியில்ல. செல்லக்கனியை அப்பமே உக்கார வச்சிருக்கணும்" என்று என்னிடம் சொன்னார். ஞானப்பழத்தின் வீட்டுக்குத் தினமும் போனார். முதல் வாரம் அவர் முகம் கொடுக்கவில்லை. ஐயரம்மா முற்றத்தில் உட்கார்ந்து அவர்கள் வீட்டுப் பூண்டை உரித்துக் கொடுத்துவிட்டு வருவார். சமாதானமும் பேசமாட்டார், வசனமும் சொல்லமாட்டார்.

ஆறு மாதம் கழித்து அசனப் பண்டிகை வந்தது. ஊர் கூடிச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற திருவிழா. ஞானப்பழம் சோற்றுக் கூடையோடு பந்தியில் வந்தார். செல்லக்கனியின் இலை வந்ததும் நின்றார்.

"ஏட்டி, அன்னைக்கு வச்ச பாயாசம் நல்லாருந்துச்சா?"

செல்லக்கனி தலை நிமிராமல், "அடிப்புடிச்சிட்டு மைனி" என்றாள்.

ஞானப்பழம் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். சாம்பார் வாளியோடு பின்னால் நின்ற ஐயரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இவ்வளவு பக்குவம் வந்த பிறகும் அவருக்கு வீட்டாசை போகவில்லை. அதை எழுதாமல் விட்டால் அவர் என்னை மன்னிக்கமாட்டார். எங்கள் ஊரில் அவர்களுக்குக் கடைசி வருஷம். நிலபுலன் உள்ள ஒருவர், வாய்க்காலை ஒட்டி ஒரு மனையை ஐயரம்மா பெயருக்கு எழுதி வைப்பதாகச் சொன்னார். வரப்போகிற சபைத் தேர்தலில் ஐயர் தன் பக்கம் நிற்க வேண்டும் என்பது சொல்லாமல் சொன்ன நிபந்தனை. ஐயரம்மா என்னை அந்த மனைக்கு அழைத்துக்கொண்டு போனார். தென்னை நிழல், வாய்க்கால் தண்ணீர், எதிரே நாற்றங்கால். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். "இது வாசல். இது அடுக்களை. ஏட்டி, இங்கன நின்னு பாரேன், காத்து எப்படி வருது!" ஐம்பது வயதைத் தாண்டியவரின் முகம் கல்யாணப் பெண்ணின் முகம் போலிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

ஐயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐயரம்மா ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. வேப்பமரத்தடியில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. பத்தாம் நாள் காலையில் என்னைத் தேடி வந்தார்.

"நேத்து சாயந்தரம் தனியா அங்கன போனேன். ஐயர் மேலதான் கோவம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். போயி உக்காந்ததும் தெரிஞ்சு போச்சு, கோவம் அவர் மேல இல்ல, கர்த்தர் மேல. 'எல்லாருக்கும் குடுக்கிய, எனக்கு மட்டும் ஏன் இல்ல?'ன்னு சத்தம் போட்டுக் கேட்டேன் ரோஸ். வாய்க்கால்ல கெடந்த எருமை திரும்பிப் பாத்துச்சு."

"கர்த்தர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அம்புட்டு நேரம் என்னைப் பேச விட்டுக் கேட்டவுக யாரு இருக்கா சொல்லு? அழுது முடிச்சு எந்திரிச்சேன். காலாலயே கோட்டை அழிச்சிட்டேன். வீட்டுக்குப் போயி ஐயருக்கு டீ போட்டேன். அவரு பயந்துக்கிட்டே குடிச்சாரு."

அதன் பிறகு மாற்றல். வேறு இரண்டு ஊர்கள். ஐயர் ஓய்வு பெற்று இரண்டே வருஷத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அம்மா தனியாக இருந்தார். பெங்களூரில் ஆசிரியையாக இருக்கும் மகள் ஜெசி, தன்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினாள். "மருமகன் வீட்டையும் குருமனைன்னு நெனைச்சு நான் ஒரு ஆணி அடிக்கமாட்டேன். எதுக்கு?" என்று சிரித்தே மறுத்துவிட்டார். நான் வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். கீழ் வீட்டில் காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பம். நோன்பு மாதத்தில் அந்த வீட்டம்மா கஞ்சி கொடுத்துவிடுவார். நானும் அம்மாவும் அதைப் பகிர்ந்து குடிப்போம்.

அங்கே ஒரு நாள்தான் என் பங்கைச் சொன்னேன். இரண்டு நாற்காலிகளைப் பற்றி, வராந்தாவில் நின்றது பற்றி. ஐயர் இறந்த செய்தி வந்தபோது, 'இனி நாம் இருவரும் சமம்' என்று ஒரு நினைப்பு என்னையும் மீறி எனக்குள் எழுந்து மறைந்தது பற்றியும் சொன்னேன்.

அவர் என் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இதைச் சொமந்துக்கிட்டா இத்தனை நாளு பஸ் ஏறி வந்த?"

"ஆமாம்மா."

"நான் உன் வீட்டுக்காகப் பொறாமைப்பட்டேன். நீ என் வீட்டுக்காரருக்காகப் பொறாமைப்பட்டிருக்க. என்னைய விட உனக்குத்தான் புத்தி இருந்திருக்கு." பிறகு குறும்பாகக் கேட்டார்: "சரி, இப்பம் தங்கராஜ்தான் ஊரோட வந்துட்டாரே, எப்படி இருக்கு?"

"வந்த ரெண்டாம் மாசமே, திரும்ப எப்பம் போவாருன்னு ஆயிட்டும்மா. உப்பு டப்பாவை எடம் மாத்தி வைக்காரு."

அவர் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டம்மா என்னவோ ஏதோவென்று மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

அன்றைக்கே கேட்டேன், ஆசையெல்லாம் ஓய்ந்துவிட்டதா என்று. "எங்க ஓயுது? அது பாட்டுக்கு உள்ள இருக்கு. புது வீட்டைக் கண்டா இன்னும் எட்டிப் பாக்கும். நான் அதுக்குச் சோறு போடுததில்ல, அம்புட்டுத்தான்" என்றார். போதும் என்கிற மனம் ஒரு நாளில் கிடைத்து நிலைத்துவிடுவதாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் காலையில் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் அப்படியே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். சில நாள் கிடைக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நுரையீரலில் நீர் கோத்து, மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு இளம்பெண் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் குனியச் சொல்லி, விட்டு விட்டுப் பேசினார்.

"ஏட்டி... அவ மூச்சு விடுததப் பாரு. எம்புட்டு லேசா விடுதா... எனக்குப் பொறாமையா இருக்கு."

நான் அவர் நெற்றியைத் தடவினேன்.

"அவ பேரு என்னன்னு கேட்டுட்டு வா."

அந்தப் பெண்ணின் தாயிடம் கேட்டு வந்து சொன்னேன். இசக்கியம்மாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. இசக்கியம்மாளுக்குக் கொடுத்த மூச்சுக்காக அவர் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேலாயிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மூன்றாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

புதன்கிழமை மதியம் அடக்க ஆராதனை. செல்லக்கனியும் ஞானப்பழமும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கீழ் வீட்டம்மா தலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக் கேட் வரை வந்து நின்று அழுதார். ஐயரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே குழி. ஜெசி முதல் பிடி மண்ணைப் போட்டாள். பிறகு நான் போட்டேன். பாட்டு எங்கே முடிந்தது என்று எனக்கு நினைவில்லை.

நான்கு மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். பக்கத்தில் நடவு வேலைக்குப் போய்விட்டு வருகிற ஒரு பெண், காலில் காயாத சேற்றோடு உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப்பாலம் வந்தபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"யாரும்மா தவறிட்டாக?"

"பொன்மணின்னு, ஒரு ஐயரம்மா."

"உங்களுக்குச் சொந்தமா?"

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆமா தாயி. சொந்தந்தான்."

போய் வாருங்கள், அம்மா.